கொப்பரைக் களத்துக் கேமரா

காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு கொப்பரைக் களம். அங்கே வேலை பார்த்தவர்கள் மூன்று பேர்: மேஸ்திரி பொங்கியண்ணன், மூட்டை தூக்கும் குப்புராசு, கொப்பரை கிளறும் செல்லாயி. மூன்று பேர் மூளையையும் சேர்த்துக் காயப்போட்டால் ஒரு கைப்பிடி தேறாது. ஆனால் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள்.

பக்கத்துத் தோட்டத்து ஆடுகள் தினமும் வந்து கொப்பரையைத் தின்றன. முதலாளி களத்தில் ஒரு கேமரா மாட்டி, அறைக்குள் ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டரை வைத்தார்.

"இனி ஒரு ஆடு வாய் வெச்சாலும் மூணு பேருக்கும் வேலை இல்லை. ஆளாளுக்கு ஒரு கதை சொல்லாதீங்க. படத்துல தெரியறதை மட்டும் நம்புங்க."

பொங்கியண்ணன் இருபது வருஷமாக மேஸ்திரி. வேறு வேலை தெரியாது. இந்த வேலையும் தெரியாது என்பது வேறு விஷயம்.

கேமரா மாட்டிய மெக்கானிக் போனில் வழி சொன்னார். கம்ப்யூட்டரில் கறுப்புக் கட்டத்தைத் திறந்து, தாளில் எழுதிக் கொடுத்த வரியை அப்படியே அடித்து, என்டரைத் தட்ட வேண்டும். செல்லாயி எழுத்தெழுத்தாக வாசித்தாள். பொங்கியண்ணன் ஒற்றை விரலால் அடித்தார். மத்தியானத்துக்குள் அந்த ஒரு வரி முடிந்துவிட்டது.

"நெட்டு மெதுவா இருக்குதுங்க. படம் அரை நிமிஷம் பிந்தித்தான் வரும்" என்றார் மெக்கானிக்.

"மெதுவாவே வரட்டுங்க. நாங்க எங்கயும் போறதில்லை" என்றார் பொங்கியண்ணன்.

களமும் கேட்டும் தெரிகிற மாதிரி படம் வந்தது. மூவரும் அதன்முன் உட்கார்ந்தார்கள். களத்தில் ஒரு ஆள்கூட இல்லை.

"களத்தை இப்படிப் போட்டுட்டு எங்க போய்த் தொலைஞ்சாங்களோ" என்று செல்லாயி வருத்தப்பட்டாள்.

சற்று நேரத்தில் படத்தில் ஒரு ஆடு வந்து கொப்பரையை முகர்ந்தது. குப்புராசு செல்போனைக் காதில் வைத்துக்கொண்டே களத்துக்கு ஓடினான்.

"வந்துட்டனுங்க மேஸ்திரி. ஆட்டுக்கிட்டதான் நிக்கறேன்."

"இல்லையே. படத்துல நீ இல்லை."

"நிக்கறனுங்களே."

பொங்கியண்ணன் செல்லாயியைப் பார்த்தார். "வந்திருந்தாத் தெரியாமலா போகும்? இன்னும் ஓடச் சொல்லுங்க" என்றாள் அவள்.

குப்புராசுவுக்கும் அது நியாயமாகவே பட்டது. ஆட்டைத் தாண்டி ஓடினான். களத்தைத் தாண்டி, வேலியைத் தாண்டி, மெயின் ரோட்டில் ஏறினான்.

"இப்ப வந்துட்டே, நில்லு. ஆட்டைப் புடி."

"இங்க ஆடு இல்லீங்க. பஸ் ஸ்டாப்புதான் இருக்குது."

"உம்பக்கத்துலயே நிக்குது, என் கண்ணுக்குத் தெரியுது. கையை நீட்டுடா."

நீட்டினான். பஸ் நின்றது. நிறுத்தியவரிடம் வேண்டாம் என்று சொல்வது மரியாதையில்லை என்று ஏறிக்கொண்டான்.

இதற்குள் படத்தில் ஐந்து ஆடுகள் ஆகிவிட்டன. இருவரும் கலந்து பேசி, குப்புராசு திரும்பி வரட்டும் என்று முடிவு செய்தார்கள். அப்போது முதலாளியின் பைக் கேட்டுக்குள் சீறி வந்தது. இறங்கிய வேகத்தில் அறைக்குள் நுழைந்தார்.

"இந்த நிமிஷமே வெளியே போங்க. வேலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

பொங்கியண்ணனுக்குக் கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது. செல்லாயி மட்டும் படத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"எதுக்கு அழுகறீங்க மேஸ்திரி? முதலாளி இன்னும் கேட்டுக்குள்ளயே வரலியே."

பொங்கியண்ணன் குனிந்து பார்த்தார். உண்மைதான். போன உயிர் திரும்பி வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நீங்க உக்காருங்க முதலாளி. நீங்க வர்றதுக்குள்ள ஆட்டையெல்லாம் ஓட்டிட்டு வந்தர்றோம்."