உள்முடியை இரவல் கொடுத்த பூடில்

அந்தக் காலத்தில் முடி என்பது உடம்போடு ஒட்டிய சமாசாரமாக இருக்கவில்லை. நாய், நரி, கரடி, மலையாடு என்று முடி உள்ள எல்லோருக்கும் இரண்டிரண்டு இருந்தன. வெயிலுக்கும் மழைக்கும் மேல்முடி; குளிருக்கு அதற்கடியில் மெத்தென்று ஓர் உள்முடி. பங்குனி பிறந்ததும் உள்முடியைக் கழற்றி ஏரியில் அலசிப் பாறைமேல் விரித்துக் காயப்போடுவார்கள். மேற்கு மலை உச்சியில் இருந்த அந்த ஏரிக்கரை முழுக்க அன்றைக்கு ஈரமுடி வாசனைதான். கரடி வீட்டு முடி காற்றில் பறந்து நரி வீட்டுப் பாறையில் விழும். அதை வைத்து ஒரு வாரம் சண்டை நடக்கும். எல்லோரும் பேசத் தெரிந்திருந்த காலம், கேட்கவா வேண்டும்.

அந்தக் கரையில் சுருளி என்றொரு பூடில் நாய் இருந்தாள். பரிசல்காரர் வீரணனோடு மீன் பிடிக்கப் போவாள். வலை தண்ணீருக்கடியில் சிக்கினால் குதித்து எடுத்து வருவது அவள் வேலை. தரைவரை புரளும் மேல்முடியைத்தான் ஊர் பார்த்து வியக்கும். சுருளிக்கோ உயிர் உள்முடிமேல்தான் இருந்தது. அது அவள் அம்மா நக்கி நக்கிப் பதமாக்கிக் கொடுத்தது. அம்மா போய் வெகுகாலம் ஆன பின்னும், குளிர்காலம் தொடங்கும்போது அதை எடுத்து மூக்கைப் புதைத்தால் பால் வாசனை வரும். சுருளி வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை; ஆனால் ஆண்டு முழுவதும் அந்த ஒரு நாளுக்காகத்தான் காத்திருப்பாள்.

குளிரைக் கொண்டுவருபவர் வாடைக்காற்று. வடக்குக் கணவாய் வழியாக வருவார். மரியாதைக்காரர். எல்லோரும் உள்முடியை மாட்டி முடிக்கிறவரை கணவாயிலேயே நின்றுகொண்டிருப்பார். கரடி இன்னும் எழுந்திருக்கவில்லை என்பார்கள். நரிக்குப் போன வருட முடி இடுப்பில் பிடிக்கிறது என்பார்கள். ஒவ்வொரு ஆண்டும் இதே கதை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர், அந்த ஆண்டு கொண்டைக்குருவியிடம் சொல்லி அனுப்பினார்: "இந்த முறை நான் ஏரியைத் தொடும்போது யார்மேல் எது இருக்கிறதோ, அதுதான் அவருக்கு நிலை. அப்புறம் கழற்றுவதும் இல்லை, மாட்டுவதும் இல்லை. தானே உதிரும், தானே முளைக்கும். கார்த்திகை அமாவாசையன்று வருகிறேன்."

கேட்டவர்கள் சிரித்தார்கள். வருடா வருடம் காத்து நின்றவர்தானே, இந்த வருடம் மட்டும் என்ன என்று நினைத்தார்கள். சுருளியும் அப்படித்தான் நினைத்தாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

ஐப்பசி கடைசியில், நாணல் புதருக்குள்ளிருந்து ஒரு காட்டு வாத்து அவளைக் கூப்பிட்டது. சிறகி என்று பெயர். முதன்முதலாக இட்ட முட்டைகளின் மேல் அடைகாத்து உட்கார்ந்திருந்தாள். அந்தக் காலத்து வாத்துகளுக்கு வெறும் இறகு மட்டும்தான். இறகுக்கு அடியில் ஒன்றும் கிடையாது.

"அக்கா, இங்கிட்டு வாங்களேன். இந்த முட்டையில காத வச்சுப் பாருங்க."

சுருளி காதை வைத்துப் பார்த்தாள். உள்ளே ஏதோ தட்டியது, நின்றது, மறுபடி மெதுவாகத் தட்டியது.

"நேத்து இதவிட நல்லாத் தட்டுச்சுக்கா. இன்னைக்குச் சத்தம் கொறஞ்சுபோச்சு. அடியில இருக்கிறது சில்லுனு இருக்கு. நானும் பொரட்டிப் பொரட்டி விடுறேன், சூடு நிக்க மாட்டேங்குது."

சுருளி எழுந்து ஓடினாள். பாறை இடுக்கில் மடித்து வைத்திருந்த உள்முடியை வாயில் கவ்விக்கொண்டு வந்து கூட்டுக்குள் போட்டாள்.

வழியில் அதைப் பார்த்துவிட்டான் கருவாயன். ஆட்டு மந்தைக்குக் காவல் இருந்த நாய் அவன். உள்முடியை அப்போதே மாட்டிக்கொண்டு, வியர்வையோடு திரிந்தான்.

"ஏன்டி, அது என்ன இரவல் குடுக்குற சாமானா? நாளைக்கு வாடை வந்து நின்னா எதப் போத்திக்குவ, ஒன் நல்ல மனசையா?"

"அமாவாசைக்கு மொத நாளே குஞ்சு வெளிய வந்துரும்டா. அவரு என்னைக்குச் சொன்ன நாள்ல வந்திருக்காரு?"

"என்னவோ போ. என்கிட்ட ஓரமாப் படுக்க எடம் கேட்டு மட்டும் வந்துராத."

"ஒன் நாத்தத்துக்குப் பக்கத்துல எவ படுப்பா" என்று சொல்லிவிட்டு அவள் பரிசலில் ஏறிவிட்டாள்.

அமாவாசை காலையில் வடக்குக் கணவாயில் மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. வாடை அங்கே நிற்கவில்லை. நேராக இறங்கி வந்துகொண்டிருந்தார். கரையெங்கும் ஒரே களேபரம். கரடி உள்முடியைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு ஓடியது. சுருளி நாணல் புதருக்குப் பறந்தாள்.

கூடு காலியாக இருந்தது. முட்டை ஓடுகள் மட்டும் கிடந்தன.

சற்றுத் தள்ளி, தண்ணீரில் சிறகி மிதந்துகொண்டிருந்தாள். பின்னால் குஞ்சுகள். சுருளி குதித்து நீந்திப் பக்கத்தில் போனாள். போன பிறகுதான் பார்த்தாள். அவளுடைய உள்முடி சின்னச் சின்னத் துணுக்குகளாகக் குஞ்சுகளின் நெஞ்சிலும் வயிற்றிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. தாயின் மார்பிலும் ஒட்டியிருந்தது.

சிறகியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "ஈரத்தோட வெளிய வந்துச்சுகக்கா. அதுலேயே பொரண்டு பொரண்டு ஒட்டிக்கிச்சு. நான் நேத்தே கொண்டாந்து குடுத்திருக்கணும். எடுத்துக்கங்க. ஒங்க பொருளு."

சுருளி கடைசிக் குஞ்சின் நெஞ்சிலிருந்து ஒரு துணுக்கைப் பல்லால் மெல்ல இழுத்தாள். குஞ்சு கழுத்தளவு தண்ணீருக்குள் இறங்கியது. கத்தவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே இறங்கியது.

பல்லிடுக்கில் பால் வாசனை. வடக்கே கடைசி வரிசை மரங்கள் சாய்ந்தன.

அவள் அந்தத் துணுக்கைக் குஞ்சின் நெஞ்சிலேயே வைத்து, அம்மா செய்வதைப் போல நாக்கால் நன்றாக அழுத்தி நக்கிவிட்டாள். குஞ்சு மேலே மிதந்து வந்தது. "கூட்டிட்டுப் போ" என்றாள் சிறகியிடம். திரும்பிக் கரையை நோக்கி நீந்தினாள்.

பாதி வழியில் நீண்ட மேல்முடி தண்ணீர் குடித்துக் கனத்தது. பாசிக்கொடி பின்னங்காலையும் வயிற்றையும் சுற்றிக்கொண்டது. உதறினாள். இன்னும் இறுகியது. மூக்கு மட்டும் வெளியே தெரிந்தபோது வீரணனின் பரிசல் வந்து சேர்ந்தது.

"ஆடாத புள்ள. ஆடாம இரு" என்று அவர் வலைக்கத்தியை எடுத்தார். கொடியைப் பிரிக்க நேரமில்லை. முடியோடு சேர்த்து அறுத்தார். வயிறு, முதுகு, தொடை என்று அறுத்துக்கொண்டே வந்தவர் நெஞ்சருகே நிறுத்தினார். கணுக்கால் மூட்டுகளிலும் கை வைக்கவில்லை. விடிகாலைத் தண்ணீரில் வருடக்கணக்காக நின்றவர். குளிர் முதலில் எங்கே நுழையும் என்று அவர் முழங்காலுக்குத் தெரியும்.

தூக்கிப் பரிசலில் போட்டார். தோள் கம்பளியை எடுத்து அவளைச் சுற்றினார். அந்த நொடியில் வாடை ஏரியைத் தொட்டார்.

தண்ணீர் முழுக்கச் சிலிர்த்தது. கரையில் எல்லோர் முடியும் தோலோடு ஒட்டிக்கொண்டது. வாடை பரிசல் அருகே வந்து நின்றார்.

"இவளுடைய உள்முடி எங்கே?"

சுருளி வாத்துகள் இருந்த பக்கமாகத் திரும்பவே இல்லை. "தொலச்சிட்டேங்க" என்றாள்.

வாடை ஏரியைப் பார்த்தார். அவருடைய குளிரில் எந்தக் கவலையும் இல்லாமல் சின்னஞ்சிறு குஞ்சுகள் மிதந்துகொண்டிருந்தன. வெகுநேரம் பார்த்தார்.

"மேல்முடி?"

"அத வெட்டுனது நாந்தான்" என்றார் வீரணன். "அவ மேல தப்பில்ல. இந்தக் கம்பளிய அவளுக்குன்னு எழுதிக்கங்க."

"கம்பளி உம்முடையது. இவள் உடம்பில் முளைத்தது இல்லை. கணக்கில் சேராது." வாடையின் குரல் கொஞ்சம் இறங்கியது. "சொன்ன சொல்லை என்னால் மாற்ற முடியாது. இவளுக்கு இனி ஒற்றை முடிதான். ஆனால் வெட்டுப்பட்டது வளரலாம். மற்றவர்களுடையது போல உதிராது, நில் என்றாலும் நிற்காது. வளர்ந்துகொண்டே இருக்கும். அப்போது நீர்தான் வெட்டவேண்டி வரும். வெட்டிய அன்று நான் இவள் தோலுக்குப் பக்கத்தில் நிற்பேன், அது என் இயல்பு. அதனால் கேட்டுக்கொள்ளும், வெட்டுகிற கைதான் போர்த்தவும் வேண்டும்."

"போத்துறேன்" என்றார் வீரணன்.

கரைக்கு வந்ததும் கருவாயன் எட்டிப் பார்த்தான். நெஞ்சில் ஒரு பந்து, கால்களில் நாலு பந்து, நடுவில் மொட்டை. சிரிப்பை அடக்க அவன் படாதபாடு பட்டான். பிறகு நகர்ந்து இடம் விட்டான். சுருளி அவன் ஓரமாகப் படுத்துக்கொண்டாள். நாற்றத்தைப் பற்றி அன்றைக்கு யாரும் பேசவில்லை.

அதற்குப் பின் எத்தனையோ குளிர்காலங்கள் வந்து போயின. வாத்துக்கு இறகடியில் மெத்தென்ற தூவி முளைத்ததும், மற்ற நாய்கள் கோடையில் வீடெல்லாம் முடி உதிர்ப்பதும் அந்த அமாவாசையில் வந்தவைதான். முடியை ஒட்ட வெட்டிய பூடில் மார்கழிக் காற்றில் நடுங்குவதும், வெட்டியவர்களே அதற்குச் சட்டை மாட்டி வெளியே அழைத்துப் போவதும், அப்படிப் போகும்போது எங்காவது தண்ணீரில் வாத்துக் கூட்டத்தைக் கண்டால் அது கரையிலேயே நின்று, குரைக்காமல், மூக்கை மட்டும் தூக்கிக் காற்றில் எதையோ தேடுவதும் அன்றிலிருந்துதான்.