அஞ்சு பாகம் தங்கூசி

தவமலர் ரீச்சரிடம் கேள்வி கேட்டால் பதில் வராது, வேலைதான் வரும்.

ரீச்சர் என்றால் பள்ளிக்கூட ரீச்சர் இல்லை. கார் ஓட்டப் பழக்குகிறவர். டொரொன்டோவில் எங்கள் ஆட்களில் பாதிப்பேர் அவரிடம்தான் பழகினோம். "ரீச்சர், இதில திருப்பலாமோ?" என்று கேட்டால், "கண்ணாடியைப் பாருங்கோ" என்பார். வேறு ஒரு சொல் வராது. நான் அந்தக் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்துத்தான் லைசென்ஸ் எடுத்தேன்.

பனிக்காலத்துச் சனிக்கிழமைகளில் ரீச்சர் வடக்கே ஒரு ஏரிக்குப் போவார். ஏரி முழுக்க உறைந்து தரை மாதிரிக் கிடக்கும். அதன் மேல் நடந்து போய், ஐஸில் துளை போட்டு, துளைக்குள் தூண்டில் விட்டு மீன் பிடிப்பது. முதலில் கேட்டபோது, உங்களுக்கென்ன விசரோ என்றுதான் நானும் சொன்னேன். இப்போது ஒரு சனி தவறினால் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்வதில்லை.

வேலும்மயில் அண்ணை இந்தப் பனிக்குத்தான் எங்களோடு சேர்ந்தவர். பருத்தித்துறைக் கடலில் பாதி ஆயுளைக் கழித்த மனிசன். பெரிய மீசை, பெரிய குரல். ரீச்சரை விட எவ்வளவோ மூப்பு. ஆனாலும் "ரீச்சர், ரீச்சர்" என்று அவர் பின்னால் திரிவதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கும்.

அன்றைக்குப் போகிற வழியில், காருக்குள், அண்ணை பின்சீட்டில் இருந்து கனைத்தார்.

"ரீச்சர், ஒண்டு கேக்கவேணும்."

"கேளுங்கோ."

"புவனத்துக்கு இண்டைக்கு எப்பிடியும் சொல்லியாகவேணும். எப்பிடிச் சொல்லுறது?"

புவனம் அண்ணையின் மனைவி. என்ன விசயம் என்று காருக்குள் இருந்த மூன்று பேருக்கும் தெரியும். டொரொன்டோவில் எல்லாருக்கும் தெரியும். புவனம் அக்காவுக்கு மட்டும்தான் தெரியாது. இருதய ஒப்பரேசன் முடிந்து அவ வீட்டுக்கு வந்த கிழமை, ஊரில் அவவின் பெரியக்கா மோசம் போய்விட்டா. அதிர்ச்சி கூடாது என்று டொக்டர் சொன்னார். அம்மாவுக்கு முன்னால் ஒருவரும் மூச்சு விடக்கூடாது என்று மகன் சொல்லிவிட்டான். இந்த விசயத்தில் எங்கள் சனத்தை வெல்ல ஆளில்லை பாருங்கோ. ஊரே அழுது முடித்த சாவை ஒரு வீட்டுக்குள் ஒளித்து வைப்போம். சுகம் விசாரிக்க வந்தவர்களை வாசலிலேயே மறித்து, "அக்காவின்ர கதை எடுக்காதேங்கோ" என்று காதுக்குள் சொல்லி உள்ளே விடுவோம். நானும் அப்படித்தான் உள்ளே போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன்.

இனி ஒளிக்க முடியாது. அடுத்த நாள் ஊரில் முப்பத்தொண்டு, செத்தவவுக்கு முப்பத்தோராம் நாள் செய்கிற கிரியை. சொந்தக்காரர் எல்லாரும் ஃபோன் எடுப்பார்கள். எந்தப் பேயனாவது வாய் தவறிச் சொல்லிவிடுவான். அதற்கு முன்னம் தன் வாயால் சொல்லிவிட வேண்டும் என்பது அண்ணையின் தவிப்பு. சொன்ன இடத்திலேயே அவவின் நெஞ்சு நின்றுவிடுமோ என்பது அதைவிடப் பெரிய தவிப்பு.

"பின்னேரம் மகனையும் மருமகளையும் வரச் சொல்லியிருக்கிறன். பக்கத்து வீட்டு நேர்ஸ் பிள்ளையும் வரும். எல்லாரையும் சாமிப் படத்துக்கு முன்னால இருத்திப்போட்டு, புவனத்தை நடுவில இருத்தி..."

"நல்லா இருக்கிற ஆளுக்கே நெஞ்சு நிண்டிடும் அண்ணை" என்றேன் நான்.

"நீ சும்மா இரு. ரீச்சர், நீங்கள் சொல்லுங்கோ."

ரீச்சர் கண்ணாடியைப் பார்த்து வளைவில் திருப்பினார்.

"முதல்ல துளையைப் போடுங்கோ அண்ணை" என்றார்.

ஏரியில் இறங்கியதும் அண்ணை பையைத் திறந்து ஒரு புதுச் சாமானை வெளியே எடுத்தார். ஐஸ் துளைக்கிற கைத்துறப்பணம். கடையில் அதை ஓகர் என்பார்கள். முறுக்கின அலகும் மேலே ஒரு கைபிடியும். சுற்றச் சுற்ற ஐஸுக்குள் இறங்கும். அண்ணையினது எட்டு இஞ்சி அகலம்.

"கடையில கிடந்ததிலேயே பெரிசு" என்றார் பெருமையாக.

ரீச்சர் அலவாங்குக் கம்பியால் ஐஸைக் குத்திக் குத்தி முன்னால் போய், நல்ல இடமாகப் பார்த்து நின்றார். தன் ஓகரை எடுத்தார். அஞ்சு இஞ்சி. அண்ணையினதுக்குப் பக்கத்தில் விளையாட்டுச் சாமான் போல இருந்தது.

இருவரும் தொடங்கினார்கள். அண்ணை நெஞ்சை நிமிர்த்திச் சுற்றினார். கொஞ்ச நேரத்தில் தொப்பியைக் கழற்றினார். பிறகு ஜக்கெட்டைத் திறந்தார். பாதி ஐஸ் போகவில்லை, கைபிடியில் நெற்றியை வைத்துக்கொண்டு மாடு மாதிரி மூச்சு வாங்கினார். அதற்குள் ரீச்சர் எனக்கொன்று தனக்கொன்று என்று இரண்டு துளை போட்டு, மிதந்த ஐஸ் கூழையும் அரிகரண்டியால் அள்ளி முடித்துவிட்டார்.

"அண்ணை, மீனை ஏத்தப் போறியளோ, ஆளை இறக்கப் போறியளோ?" என்றார் ரீச்சர்.

அண்ணைக்கும் சிரிப்பு வந்தது. ரீச்சர் தன் ஓகரை நீட்டினார். அண்ணை வேண்டா வெறுப்பாக வாங்கிச் சுற்றினார். அலகு கூர். வெண்ணெய்க்குள் போவது போல இறங்கி, களக்கென்று தண்ணீர் மேலே வந்தது.

"இவ்வளவு கெதியாவோ! இது மெல்லிய இடம்போலை."

"ரெண்டும் ஒரே ஐஸ்தான் அண்ணை."

அண்ணை குனிந்து துளையைப் பார்த்தார். அவருக்கு மனம் ஆறவில்லை.

"இந்தச் சின்னத் துளையால பெரிய மீன் எப்பிடி ரீச்சர் வரும்?"

"தலை வந்தால் மற்றது வரும்."

"தலை வராட்டி?"

"அவசரப்பட்டு இழுக்கப்படாது. அதுவா திரும்பும்."

அண்ணை வாளியைக் கவிழ்த்து, வழமைபோல எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். தூண்டிலை விட்டார். கடல்காரர் நூலைப் பாகத்தில்தான் அளப்பார்கள். இரண்டு கையையும் அகல விரித்தால் ஒரு பாகம். அண்ணை கையை விரித்து விரித்து அஞ்சு பாகம் தங்கூசி நூலைத் துளைக்குள் இறக்கினார். ஒவ்வொரு சனியும் அதே அஞ்சு பாகம்தான். ஊரில் அவர் தொழில் செய்த இடத்துக்கு அந்த ஆழம் சரியாம்.

ஒரு மீன்கூட அவர் இன்னும் பிடிக்கவில்லை. நாங்கள் கேட்பதுமில்லை. முதுகு சில நேரம் குலுங்கும். திரும்பும்போது கண் சிவந்திருக்கும். "சரியான காத்து" என்பார். காற்றே இல்லாத நாளிலும் சொல்லியிருக்கிறார். இடம்பெயர்ந்து வெறுங்கையோடு நின்ற காலத்தில், இந்தக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினவ அந்தப் பெரியக்கா. அண்ணைக்கு அவ மச்சாள் முறை, ஆனால் தாய் மாதிரி. வீட்டில் புவனம் அக்காவுக்குத் தெரியாமல் அழ வேண்டும். மனிசன் பாவம், வேறு எங்கே போவார்?

கொஞ்ச நேரம் போனது. ரீச்சர் எழுந்து அண்ணையின் பக்கத்தில் போய்க் குந்தினார்.

"உங்கட தூண்டில் எவ்வளவு ஆழத்தில கிடக்குது?"

"அஞ்சு பாகம்."

"தண்ணி எவ்வளவு ஆழம்?"

"அதுவும் அஞ்சு பாகம்தான் வரும்."

"அளந்தனீங்களோ?"

"என்ன ரீச்சர் நீங்கள்! நான் பிறந்ததே கடற்கரையில. தண்ணியைப் பாத்தாலே தெரியும் எனக்கு."

ரீச்சர் அவருடைய நூலை மேலே இழுத்தார். தூண்டில் சேறும் பாசியுமாக வந்தது. அதைக் கழுவி, ஒரு ஈயக் குண்டைத் தூண்டில் முள்ளில் கொளுவி அண்ணையின் கையில் கொடுத்தார்.

"விடுங்கோ."

அண்ணை விட்டார். ஒரு பாகம். இரண்டாவதுக்குக் கையை விரித்தார், முழுக்க விரிக்கவில்லை, நூல் தொய்ந்தது. குண்டு ஏரியின் அடித்தரையில் இருந்தது. அவர் நம்பாமல் தூக்கித் திரும்ப விட்டார். அதே இடத்தில் தொய்ந்தது.

"அப்ப மிச்சம் மூண்டு பாகம்?"

"சேத்துக்குள்ள."

"எல்லாச் சனியுமோ?"

"எல்லாச் சனியும்தான்."

"தெரிஞ்சுகொண்டே இருந்தனீங்களோ? பிறகேன் ரீச்சர் ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"நீங்கள் மீன் பிடிக்க வாறனீங்கள் எண்டு நான் நினைக்கேல்லை அண்ணை."

அண்ணை தலையைக் குனிந்தார். ரீச்சர் குண்டைக் கழற்றி, இரை குத்தி, தரையிலிருந்து ஒரு சாண் மேலே நிற்கிற மாதிரி மிதப்பைக் கட்டித் தூண்டிலை விட்டார். அவசரமே இல்லை அவருக்கு.

"புவனம் அக்காவுக்கு எவ்வளவு தெரியும்?" என்று கேட்டார்.

"ஒண்டும் தெரியாது."

"தன்ர பெரியக்கா எப்பிடி இருக்கிறா எண்டு கேக்கிறவவோ?"

"இல்லை. அது பெரிய புண்ணியம். ஒருக்காலும் கேக்கேல்லை. கேட்டிருந்தால் என்ர முகமே காட்டிக் குடுத்திருக்கும்."

"ஞாயிறு தவறாமல் ஊரில இருந்து ஃபோன் எடுக்கிற பெரியக்கா. அவவைப் பற்றி இவ்வளவு நாளும் ஒருக்காலும் கேக்கேல்லை."

"ஓம்."

அண்ணை ரீச்சரின் முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், துளையைப் பார்த்தார். பிறகு கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றினார். ஃபோனை எடுத்தார்.

"என்ன ரீச்சர் கேக்கிறது?"

"எனக்கென்ன தெரியும்? உங்கட மனிசி. சின்னதா ஏதாவது கேளுங்கோ."

அண்ணைக்குக் காது கொஞ்சம் மந்தம். எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பார். அதனால் நாங்களும் கேட்டோம்.

"என்னப்பா, மீன் ஏதும் பட்டுதோ?" புவனம் அக்காவின் குரல்.

"இன்னும் இல்லை. புவனம்... நாளைக்கு என்ன சமையல்?"

அந்தப் பக்கத்தில் குழாயைப் பூட்டுகிற சத்தம் கேட்டது.

"நாளைக்கு மரக்கறி."

"நாளைக்கு ஞாயிற்றுக்கிழமையெல்லோ? நான் மீன் கொண்டு வந்தால்?"

"கொண்டு வராதேங்கோ. பட்டால் ஆருக்கும் குடுத்திட்டு வாங்கோ. நாளைக்கு அக்காவின்ர முப்பத்தொண்டு. நான் மீன் மச்சம் தொடமாட்டன்."

மிதப்பு இரண்டு தரம் அமிழ்ந்தது. ஒருவரும் தொடவில்லை.

"உனக்கு... ஆர் சொன்னது?"

"ஆர் சொல்லவேணும்? ஞாயிறெண்டால் விடியவே எடுக்கிறவ. உயிரோட இருந்தால் எடுக்காமல் விடுவாவோ? முதல் ஞாயிறே எனக்கு விளங்கிட்டுது. உங்கட முகம் மாறின நாளில இருந்து எண்ணிக்கொண்டு வந்தனான்."

"பிறகேன் என்னட்டைச் சொல்லேல்லை?"

"எப்பிடிச் சொல்லுறது? கார் விடுற கராச்சுக்குள்ள போய்க் கதவைச் சாத்திப்போட்டு நிப்பியள். வெளியில வரேக்க முகத்தைத் துடைச்சுக்கொண்டு வந்து எனக்குச் சிரிச்சுக் காட்டுவியள். எனக்காகத்தானே இந்த மனிசன் நிமிந்து நிக்கிறார், எனக்குத் தெரியும் எண்டு சொன்னால் விழுந்து போவார் எண்டு பேசாமல் இருந்திட்டன்."

அண்ணையின் பெரிய குரல் எங்கேயோ போய்விட்டது. சின்னப்பிள்ளை மாதிரிக் கேட்டார்.

"நீ... நீ எப்ப அழுதனி?"

"சனிக்கிழமையில. நீங்கள் ஏரிக்குப் போன பிறகு."

அண்ணை ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். இந்தத் தரம் எங்களுக்கு முதுகைக் காட்டவில்லை, காற்றைச் சாட்டவும் இல்லை. ஃபோனுக்குள் புவனம் அக்காவும் அழுவது கேட்டது. நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம். ரீச்சர் அண்ணையின் தோளில் கையை வைத்தபடி இருந்தார்.

கனநேரத்துக்குப் பிறகு, "வாங்கோவன் வீட்டை" என்று சொல்லிவிட்டுப் புவனம் அக்கா ஃபோனை வைத்தா.

அண்ணை முகத்தைத் துடைத்தார். மகனுக்கு எடுத்து, பின்னேரம் ஒருவரும் வரத் தேவையில்லை என்றார். ஏன் என்று அவன் கேட்டதற்கு, பிறகு சொல்லுறன் என்றார். நானும் ரீச்சரும் சாமான்களைக் கட்டத் தொடங்கினோம். அண்ணை வாளியை விட்டு எழும்பவில்லை.

"ரீச்சர்."

"சொல்லுங்கோ அண்ணை."

"அப்ப இவ்வளவு நாளும் நான் ஆரைக் காப்பாத்திக்கொண்டு இருந்தனான்?"

ரீச்சர் குனிந்து, அவருடைய கையுறையைப் பொறுக்கி, பனியைத் தட்டி அவரிடம் கொடுத்தார்.

"அவவும் இப்ப அங்கை இருந்து அதைத்தான் யோசிச்சுக்கொண்டிருப்பா. எழும்புங்கோ அண்ணை, வீட்டை போவம்."