செத்தவளிடம் கேள்வி இல்லை

செடிகொடிகளுக்கு வாய் இருந்த அந்தக் காலத்தில், மலைச்சரிவில் ஒரு சோலைக்காடு இருந்தது. வெடிபிலா மரமும் நாங்கு மரமும் தோளோடு தோள் உரசி நிற்கும். அவற்றின் மேல் மிளகுக்கொடி ஏறும். கொடியின் இடுக்கில் ஆர்க்கிட் தொற்றிக்கொள்ளும். ஆர்க்கிட்டின் வேரில் பாசி குடியிருக்கும். வெயில் தரைக்கு வருவதென்றால் இத்தனை பேரிடமும் கேட்டுக்கொண்டுதான் வர வேண்டும். உச்சிப்பொழுதிலும் கீழே மங்கலாகவே இருக்கும்.

அந்த மங்கலில் வழி தப்புவது சுலபம். அதனால் காட்டில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். யார் வந்து தொட்டுக் கேட்டாலும், செடி தான் பார்த்ததைப் பார்த்தபடி சொல்லியாக வேண்டும். கேட்பது மானா, பாம்பா என்று பார்க்கக் கூடாது. பொய் சொன்னாலும், சொல்லாமல் வாயை மூடிக்கொண்டாலும், கொடுத்த வாக்கு பொய்த்துப்போனாலும் வேர் அழுகிவிடும். செத்துப்போனதற்கு மட்டும் விலக்கு. தாயைத் தொலைத்த எத்தனையோ குட்டிகள் இந்த வழக்கத்தால் பிழைத்திருந்தன. அதனால் அதை யாரும் குறை சொன்னதில்லை.

ஓடைக்கரையில் தாழப் படர்ந்திருந்தாள் விரியிலை. சீப்புப் பற்களைப் போல நெருங்கிய சிற்றிலைகள் அவளுக்கு. கிடைக்கிற துளி வெளிச்சத்தையும் விடக் கூடாது என்று இரவும் பகலும் அவற்றை விரித்தே வைத்திருப்பாள். மூடத் தெரியாது. மூடத் தேவையும் வந்ததில்லை. பேச்சிலும் அப்படித்தான். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடும். "அவளைத் தொடக்கூட வேண்டாம், பக்கத்தில் போய் இருமினாலே போதும்" என்று ஓடையோரத்துப் பிரம்புக்கொடி கேலி செய்யும்.

ஒரு பிற்பகலில் குறுங்காலி என்ற, முயலளவே இருந்த சருகுமான் மூச்சிரைக்க அவளிடம் வந்தது. அதன் வாயில், பிறந்த ஈரம் காயாத குட்டி. குட்டியைக் கீழே வைத்துவிட்டு, மேட்டில் செந்நாய்கள் இறங்கிவிட்டன என்றது. இந்தக் குட்டியோடு ஓட முடியாது. வாசனை வராதபடி நக்கித் துடைத்துவிட்டேன், உன் இலைக்கடியில் விட்டுவிட்டு அவர்களை வேறு பக்கம் இழுத்துப் போகிறேன் என்றது. குட்டியைச் சருகுக்குள் படுக்கவைத்து, சருகு மாதிரியே கிடக்க வேண்டும் என்று அதன் காதில் சொல்லிவிட்டு, மூக்கால் விரியிலையைத் தொட்டது.

"அக்கா, தொட்டுக் கேட்கிறேன். என் பிள்ளையைக் காட்டிக்கொடுப்பியா?"

"மாட்டேன்" என்றாள் விரியிலை.

வழக்கம்போலச் சட்டென்று வந்துவிட்டது. குறுங்காலி ஓடையைத் தாண்டி ஓடிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இப்போது ஒரு செந்நாய் வந்து தொட்டுக் கேட்டால்? உண்மையைச் சொன்னால் குட்டி போகும், கொடுத்த வாக்கும் போகும். பொய் சொன்னால் வேர் போகும். வேர் அழுகி இலை உதிர்ந்தால், அப்போதும் குட்டி அகப்பட்டுக்கொள்ளும்.

மேட்டிலிருந்து குரல்கள் வரத் தொடங்கின. செந்நாய்க் கூட்டத்தின் தலைவன் பெயர் கருவால். அவன் அவசரப்படுகிறவன் அல்ல. மரம் மரமாகத் தொட்டுக் கேட்டுக்கொண்டே இறங்கினான். இந்தப் பக்கம் சருகுமான் வந்ததா என்று நாங்கைக் கேட்டான். வந்தது என்றது நாங்கு. வாயில் என்ன வைத்திருந்தது என்று பெரணியைக் கேட்டான். பெரணி நடுங்கியபடி, குட்டி என்றது. மிளகுக்கொடி மட்டும் தன் பாட்டன் எந்த மரத்தில் ஏறினான் என்பதிலிருந்து ஆரம்பித்து, அவனைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்துப் பார்த்தது. கடைசியில் அதுவும், ஓடைப் பக்கம் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

பிரம்பின் முறை வந்தது. ஓடையைத் தாண்டும்போது சருகுமானின் வாயில் குட்டி இருந்ததா என்று கேட்டான் கருவால்.

"இல்லை" என்றது பிரம்பு. எப்போதும் கேலி பேசும் அந்தக் குரலில் அன்று உயிரே இல்லை.

கருவால் சிரித்தான். "அப்போ பிள்ளை இங்கேதான் எங்கேயோ தூங்குது" என்று தன் கூட்டத்தைப் பரத்திவிட்டான். அவன் மட்டும் நேரே விரியிலையிடம் வந்தான்.

அவள் கீழே பார்த்தாள். குட்டி கிடந்தது. கண் இமைக்கவில்லை, காது அசையவில்லை. பழுப்பு முதுகில் வெள்ளைப் புள்ளிகள், காய்ந்த இலைமேல் வெயில் சிந்தின மாதிரி. இருக்கிறது, ஆனால் இல்லை. சருகிடம் யார் எதைக் கேட்கப்போகிறார்கள்?

செத்ததற்கு விலக்கு உண்டு.

ஆனால் செத்தவளின் இலை விரிந்திருக்குமா? மூடினால் குட்டியின் மேலிருந்த கூரை போய்விடும். அவன் காலடியில், திறந்த வெளியில் கிடக்கும். அன்று பிறந்த குட்டி அசையாமல் கிடப்பதை நம்பித்தான் இருவர் உயிரும்.

கருவால் முன்னங்காலைத் தூக்கி அவள் கிளைமேல் வைத்தான். "என்ன தாயி, உன்கிட்டதான் உடனே பதில் கிடைக்குமாமே. சருகுமான் குட்டி எங்கே?"

விரியிலை கணுக்களில் இருந்த நீரையெல்லாம் உள்ளே இழுத்தாள். சிற்றிலைகள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டன. காம்புகள் துவண்டு விழுந்தன. கண்ணெதிரே ஒரு பசுஞ்செடி காய்ந்த குச்சியாகிப் போனது.

கருவால் காலைப் பின்னுக்கு இழுத்தான். குனிந்து மோந்தான். அவன் மூச்சுக் காற்று குட்டியின் முதுகு மயிரை அசைத்தது. குட்டி அசையவில்லை.

"பயத்திலேயே போய்ச் சேர்ந்துட்டா" என்று கூட்டத்துக்குச் சொன்னான். "செத்தவளிடம் என்ன கேள்வி. வாங்க, அந்தத் தாயைப் பிடிப்போம்."

சத்தம் தேய்ந்தது. விரியிலை மெல்ல ஓர் இலையைத் திறந்தாள். இன்னொன்று. அப்போது புதர் விலகியது. கருவால் திரும்பி வந்திருந்தான். மறுபடி காலால் ஒரு தட்டுத் தட்டினான். திறந்தவை அத்தனையும் அதே கணத்தில் மூடிக்கொண்டன. அந்த மங்கலில் அவன் கண்ணுக்குப் பட்டது துவண்ட குச்சி மட்டும்தான். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, இந்தமுறை நிஜமாகவே போனான்.

அந்தி சாயும் நேரத்தில் குறுங்காலி வந்தது. ஒரு காது கிழிந்திருந்தது, மற்றபடி முழுசாக வந்திருந்தது. அப்போதுதான் விரிந்துகொண்டிருந்த அவளை மூக்கால் தொட்டு, "அக்கா, என் பிள்ளை?" என்றது.

பத்திரமாக இருக்கிறான் என்று சொல்லத்தான் விரியிலை நினைத்தாள். பேச்சு வரவில்லை. வேர் அழுகவில்லை, ஆனால் செத்தவள் என்று ஆகிவிட்ட பிறகு குரல் திரும்பவே இல்லை. தொட்டது மூக்கா, நகமா என்று உடம்புக்கும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இலைகள் தாமாகவே மூடிக்கொண்டன. குறுங்காலி அலறப் போன நேரத்தில், காய்ந்த இலைகளுக்கு நடுவே ஒரு சருகு எழுந்து நின்று, பாலுக்குத் தாயின் வயிற்றை முட்டியது.

அந்த அந்தியிலிருந்துதான் அவள் தொட்டாற்சிணுங்கியானாள். வேட்டை நாயின் கால் பட்டாலும், பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் விரல் பட்டாலும் முதலில் செத்துவிடுகிறாள், பிறகு ஓரோர் இலையாகத் திறந்து, வந்தவர் போய்விட்டாரா என்று பார்க்கிறாள்.