பித்தப்பைக்கு எத்தனை துளை?

ஆவாரங்காட்டு அண்ணன் தம்பி நால்வரும் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். அதனாலேயே ஊரார் அவர்களிடம் எதையும் சொல்வதில்லை. வெளியூரிலிருந்து வந்த டாக்டரம்மாவுக்கு இது தெரியாது.

மூத்தவர் சடையப்பனுக்குப் பித்தப்பையில் கல். சாப்பிட்டால் வலி, சாப்பிடாவிட்டால் பசி.

“வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. நான்கு சிறு துளைகள் போடலாம். ஒன்றில் கேமரா, மூன்றில் கருவிகள். அல்லது தொப்புளில் ஒரே துளை போட்டு எல்லாவற்றையும் அதன் வழியே நுழைக்கலாம். எப்படியானாலும் பித்தப்பையை ஒரு பையில் போட்டு வெளியே இழுத்துவிடுவேன். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, மாலை ஐந்து மணிக்குள் சொல்லுங்கள். தவறினால் அடுத்த மாதம்தான்” என்றார் டாக்டரம்மா.

இன்னொரு மாத வலியைச் சடையப்பன் தாங்கமாட்டார். எனவே உடனே ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள். கொல்லையிலிருந்த மண்சுவர் அறை வயிறாயிற்று. சடையப்பன் பித்தப்பையானார். அவரைச் சாக்கில் இறக்கி இடுப்பளவில் கட்டினார்கள்.

“கதவு இருக்குதேண்ணா?” என்றான் அடுத்தவனான வெள்ளியங்கிரி.

“வயித்துக்குக் கதவு உண்டாடா?”

இல்லை என்பதால், வெளியே வந்து கதவை ஆணியடித்து மூடினார்கள். பிறகு கடப்பாரையால் சுவரில் கையளவுத் துளைகள் நான்கு போட்டார்கள்.

“துளை நாலு, நாம மூணு பேரு. கேமராவுக்குப் பதிலா டார்ச் வெளிச்சம் யாரு காட்டுறது?” என்று கவலைப்பட்டான் மூன்றாமவன் மாரண்ணன்.

“அண்ணன் உள்ளே சும்மாதானே நிக்கிறாரு? டார்ச்சை அவருகிட்டயே குடு” என்றான் கடைசித் தம்பி நஞ்சப்பன்.

“பித்தப்பை டார்ச் பிடிக்குமாடா?” என்று உள்ளிருந்து கேட்டார் சடையப்பன்.

“கெட்டுப்போனது பிடிக்காது. நல்லதுன்னா பிடிக்கும்.”

தாம் நல்லவரே என்று காட்டுவதற்காகச் சடையப்பன் பிடித்தார். மற்ற மூன்று துளைகளிலும் கொக்கி, இடுக்கி, தொரட்டி நுழைந்தன. அரைமணி நேரப் போராட்டத்துக்குப் பின் சாக்கு மட்டும் வெளியே வந்தது.

“பை வந்துடுச்சு. பித்தப்பைதான் உள்ளயே நின்னுடுச்சு” என்று மாரண்ணன் முடிவை அறிவித்தான்.

அடுத்தது ஒரே துளை. பழைய துளைகளைச் சேறு பூசி அடைத்துவிட்டு, முறத்தின் அகலத்துக்குப் புதிதாக ஒன்று போட்டார்கள். மூன்று கருவிகளும் ஒன்றாக நுழைந்ததில், இடுக்கி வெள்ளியங்கிரியின் கட்டைவிரலைத்தான் முதலில் பிடித்தது. பிறகு மூவரும் கருவிகளை வீசிவிட்டு, அண்ணனின் கைகளைப் பற்றி இழுத்தார்கள். தலை வந்தது, தோள் வந்தது, தொப்பை வரவில்லை. திரும்பப் போகவும் இல்லை.

மணி ஐந்தாக ஐந்து நிமிடம் இருந்தது. நஞ்சப்பன் செல்பேசியை அண்ணன் காதில் வைத்தான்.

“டாக்டரம்மா, நாலு துளையே போடுங்க. ஒத்தத் துளையில பித்தப்பை படுற பாடு எனக்குத் தெரியுமுங்க.”

“நல்லது. காலையில் வெறும் வயிற்றோடு வாருங்கள். மோதிரம், கடிகாரம், அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும்.”

மறுநாள் காலை, மருத்துவமனை வாசலில் ஒரு டிராக்டர் வந்து நின்றது. அதன் பெட்டியில் பெரியதொரு சுவர்த்துண்டு. முன்பக்கம் சடையப்பனின் தலை, பின்பக்கம் கால்கள்.

“எல்லாத்தையும் கழட்டியாச்சுங்க டாக்டரம்மா” என்றார் அவர் பணிவாக. “சுவரு ஒண்ணுதான் கழலமாட்டேங்குது.”