வாசல் நகர்ந்த நண்டு வளை

அந்தக் காலத்தில், எலிக்கும் தவளைக்கும்கூடப் பேச்சு இருந்தபோது, நண்டுகள் எல்லாரையும் போல நேராகத்தான் நடந்தன. அதிலும் கொடுக்கப்பன் என்ற நண்டு நடந்து வந்தால் மாப்பிள்ளை ஊர்வலம்தான். அவ்வளவு மிடுக்கு!

ஆற்றங்கரையில் பெருச்சாளி வாத்தியார் பள்ளிக்கூடம் நடத்தினார். கடைசி வகுப்பை முடித்தவர்கள் சொந்தமாக வளை தோண்டிக்கொள்ளலாம். அந்த வகுப்புக்கு அவர் எடுத்த கடைசிப் பாடம், ஆலமரத்திலிருந்து மொட்டைப்பாறை வரை தரையில் ஓடிய விரிசலைப் பற்றியது.

இரண்டு கற்களை ஒட்டிவைத்து அழுத்தினார். “விரிசலுக்கு இந்தப் பக்கத் தரையும் அந்தப் பக்கத் தரையும் எதிரெதிரா நகரப் பார்க்குது. இப்போ சிக்கிக்கிட்டு நிக்குது. பிடி விட்டுச்சுன்னா...” கற்கள் சடக்கென்று விலகின. முன்வரிசைத் தவளை அலறியடித்துப் பின்வரிசையில் போய் விழுந்தது.

“அதனால விரிசல் மேல மட்டும் வீடு கட்டாதீங்க.”

“எப்போ நகரும் வாத்தியாரே?” என்றான் கொடுக்கப்பன்.

“எங்கேன்னு தெரியும். எப்போன்னு யாருக்கும் தெரியாது.”

“நாள் சொல்லத் தெரியாதவரெல்லாம் வாத்தியார்!”

வகுப்பே சிரித்தது. வாத்தியார் மீசையைத் தடவிக்கொண்டே கற்களைப் பொறுக்கி எடுத்துவைத்தார்.

கொடுக்கப்பனுக்கும் சிப்பியம்மாளுக்கும் கல்யாணம் நிச்சயமானது. வளை வேண்டுமே! கரையெங்கும் தோண்டிப் பார்த்தான். கொடுக்கு தேய்ந்ததுதான் மிச்சம். விரிசலில் மட்டும் மண் பொலபொலவென்று இருந்தது, ஈரமும் கசிந்தது. விடுவானா? இந்தப் பக்கம் வாசல், அந்தப் பக்கம் உள்ளறை, நடுவே விரிசலைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நேரான நடை. புதுமனை புகுவிழாவுக்கு வந்த வாத்தியார் வாசலிலேயே வாழ்த்திவிட்டுத் திரும்பினார். “பயந்தாங்கொள்ளி!” என்று சிரித்தான் கொடுக்கப்பன்.

ஒரு மத்தியானம் அவன் வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தான். சிப்பியம்மாள் வயிறு நிறைய முட்டையோடு உள்ளே படுத்திருந்தாள். திடீரென்று தரை கிடுகிடுவென ஆடியது.

“ஏங்க! மண்ணு கொட்டுதுங்க!”

கொடுக்கப்பன் நேராக உள்ளே பாய்ந்தான். மடார்! மண் சுவர். பின்வாங்கி மறுபடி பாய்ந்தான். மடார்!

“ஐயோ, என் வீட்டைக் காணோமே!”

வாத்தியார் மூச்சிரைக்க ஓடிவந்தார். “வீடு எங்கேயும் போகலைடா மடையா! வாசல்தான் இந்தப் பக்கம் நகர்ந்துருச்சு. விரிசலோட பக்கவாட்டில போ!”

கொடுக்கப்பன் சுவரில் மூக்கை ஒட்டிக்கொண்டு, விரிசலோடு பக்கவாட்டில் சுரண்டிச் சுரண்டிப் போனான். நாலு முழம் தாண்டியதும் உள்ளறை தட்டுப்பட்டது. கழுத்தளவு மண்ணில் கிடந்த சிப்பியம்மாளை இழுத்துக்கொண்டு, போன வழியே பக்கவாட்டில் வந்தான். ஒரு முட்டைகூட உடையவில்லை.

“எங்கேன்னு சொன்னீங்களே ஐயா, நான் எப்போன்னுல்ல கேட்டுக்கிட்டு நின்னேன்!” என்று வாத்தியார் காலில் விழுந்து அழுதான்.

அதற்குப் பிறகு நேராக ஒரு அடி வைத்தாலும் எதிரே சுவர் இருக்குமோ என்று அவனுக்கு உதறல்; எங்கே போனாலும் பக்கவாட்டிலேயே போனான். வாத்தியாருக்கு அதுவே வசதியாகப் போயிற்று. “கொடுக்கப்பா, தரை எப்படி நகரும்னு பிள்ளைங்களுக்கு நடந்து காட்டு” என்று வருஷந்தோறும் வகுப்புக்குக் கூப்பிட்டார். முன்வரிசையில் இருந்த அவன் குஞ்சுகளும் கூடவே நடந்து பழகின.

அன்று முதல்தான் நண்டுகள் பக்கவாட்டில் நடக்கின்றன. ஆனால் எந்த நண்டும் அதை ஒப்புக்கொள்ளாது. “நான் நேராத்தான் போறேன், தரைதான் நகர்ந்துருச்சு” என்றே சாதிக்கும்.