கொக்கி இல்லாத வண்டி

ஆசிரமத்து ஜீப் அந்த மாசியில் செத்தது. அடிச்சட்டம் விரிசல் விட்டு, இனி ஒட்டுப்போட இடமில்லை என்று வெல்டிங் கடைக்காரரே கையை விரித்துவிட்டார்.

அது சாமியார்கள் ஊர்வலம் போகிற வண்டி அல்ல. ஆயிரம் லிட்டர் தொட்டி வைத்த டிரெய்லரை இழுத்துக்கொண்டு, அடிவாரத்திலிருந்து ஒன்பது கொண்டை ஊசி வளைவு ஏறி, கோடை முழுக்க மேக்காட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோன வண்டி. மலைமேல் ஆசிரமத்தை ஒட்டிய மேக்காட்டில் முப்பத்திரண்டு வீடு. லாரி அந்த வளைவுகளில் திரும்பாது. ஜீப் வராத நாளில் பெண்கள் குடத்தோடு பள்ளத்து ஊற்றுக்கு இறங்க வேண்டும். இறங்கிவிடலாம், நிறைகுடத்தோடு ஏறுவதுதான் பாடு.

ஆசிரமத்தின் குரு சிவகாமியம்மாவுக்கு நாற்பத்தெட்டு வயது. முதுகெலும்பில் தேய்மானம். அவருடைய மூத்த சீடர் பொன்னுரங்கம், வயதிலும் அவரைவிடப் பதினைந்து மூத்தவர். ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டிகளைச் சோதித்து ஓய்வு பெற்ற பிரேக் இன்ஸ்பெக்டர். ஒரு வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தால் அதன் ஜாதகத்தையே சொல்லிவிடுவார். அதனால், திருப்பூர் பக்தர் ஒருவர் புது எஸ்.யூ.வி. வாங்கித் தர முன்வந்ததும், எதை வாங்குவது என்று பார்க்கும் பொறுப்பு அவரிடம் போனது.

கிளம்பும் முன் அம்மாவிடம் போய் நின்றார். அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டே எழுந்து, திருநீறு பூசி, இரண்டு வார்த்தை பேசி அனுப்பினார்.

முதல் ஷோரூமில் பார்த்த வண்டி முரட்டு வண்டி. டிரெய்லர் மாட்டும் கொக்கியைக் கம்பெனியே பின்னால் பொருத்தித் தந்தது. இரண்டரை டன் இழுக்கும் என்று புத்தகத்திலேயே போட்டிருந்தது. பொன்னுரங்கம் பின்சீட்டில் உட்கார்ந்து, வேகத்தடை மேல் ஏற்றி இறக்கச் சொன்னார். மூன்றாவது தடையில் அவருடைய முதுகே விண்ணென்றது. அம்மாவை நினைத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

இரண்டாவது ஷோரூமில் சீட்டுக்குள்ளிருந்து குளிர்காற்று வந்தது. வேகத்தடை இருந்ததே தெரியவில்லை. கொக்கி உண்டா என்று கேட்டார். கம்பெனி தராது, வெளியில் மாட்டிக்கொள்ளலாம், ஊரே அப்படித்தான் மாட்டுகிறது என்றான் விற்பனைப் பையன். வெளியில் மாட்டிய இரும்பை அறுக்கச் சொல்லி முப்பது வருடம் நோட்டீஸ் கொடுத்தவர் பொன்னுரங்கம். அன்றைக்கு மட்டும் அவர் வாய் திறக்கவில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டார். பக்தி முற்றினால் கண் இப்படித்தான் போகும்.

வண்டி மாலை போட்டுக்கொண்டு வந்தது. நான்கு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுங்கியது. அம்மா ஏறி மலையடிவாரம் வரை ஒரு சுற்றுப் போய்வந்து, ரொம்ப நாளுக்கு அப்புறம் வலியில்லாமல் உட்கார்ந்தேன் என்றார். பொன்னுரங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. டிரெய்லர் புளியமரத்தடியில் மூக்கைத் தரையில் ஊன்றி நின்றுகொண்டிருந்தது. அன்றைக்கு அந்தப் பக்கம் யாரும் பார்க்கவில்லை.

மறுநாள்தான் தண்ணீர் ஞாபகம் வந்தது. வெல்டிங் கடைக்காரர் அரை நாளில் கொக்கி வைத்துத் தருகிறேன் என்றார். பொன்னுரங்கம் சம்மதிக்கவில்லை. சட்டத்துக்கு விரோதம், வாரண்டியும் போய்விடும், கம்பெனியிடம் அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன் என்றார். ஷோரூமில் தூங்கிய சட்டம் மலையேறியதும் விழித்துக்கொண்டது. பதில் வரும்வரை, சீட்டில் பிளாஸ்டிக் விரித்து ஆறு கேன் தண்ணீர் அனுப்பினார்கள். முப்பத்திரண்டு வீட்டுக்கு ஆறு கேன்.

மேக்காட்டுக்காரர்கள் சண்டைக்கு வரவில்லை. இத்தனை வருடம் கொடுத்தவர்களிடம் போய் என்ன சண்டை போடுவது? குடத்தை எடுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கினார்கள்.

பங்குனிக் கடைசியில் கோமளா விழுந்தாள். துரைராசுவின் மனைவி, ஏழு மாதம். நிறைகுடத்தோடு ஏறும்போது பாசிக்கல்லில் கால் வழுக்கிவிட்டது. துரைராசு ஆசிரமத்துக்கு ஓடிவந்தான். புது வண்டிதான் அவளை மலையிறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. பொன்னுரங்கமே முன்சீட்டில் உட்கார்ந்து போனார். கோமளா பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. பெண் குழந்தை.

நான்காம் நாள் துரைராசு ஆசிரமத்துக்கு வந்தான். திட்ட வருகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவன் அம்மாவின் முன்னால் கும்பிட்டு நின்றான். பொன்னுரங்கம் பக்கத்தில் இருந்தார்.

"வண்டி குடுத்ததுக்கு ரொம்ப நன்றிங்கம்மா. ஒன்பது வளைவுலயும் குலுங்கவே இல்ல. பூ மாதிரி கொண்டாந்து இறக்குச்சு" என்றான்.

அவன் குத்திப் பேசவில்லை. மனதாரத்தான் சொன்னான். அதனால்தான் பொன்னுரங்கத்தால் அங்கே நிற்க முடியவில்லை. அன்று அவர் சாப்பிடவும் இல்லை.

மறுநாள் விடிந்ததும் சிவகாமியம்மா ஒரு பித்தளைக் குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். டிரைவர் கதவைத் திறந்துவிட்டு நின்றான். அம்மா வண்டியைத் தாண்டி நடந்தார். முதுகு வேண்டாம் என்றது. அது முகத்தில் தெரிந்தது. பொன்னுரங்கம் குடத்தை வாங்கக் கை நீட்டினார். அம்மா தரவில்லை.

ஒற்றையடிப் பாதையில் இருவரும் இறங்கிப் போனார்கள். பள்ளத்தில், பாசிக்கல்லுக்குப் பக்கத்தில் உடைந்த பிளாஸ்டிக் குடம் ஒன்று கிடந்தது. கோமளாவுடையது. யாரும் அதை எடுக்கவில்லை. அம்மா அதன் பக்கத்தில் உட்கார்ந்து ஊற்றில் குடத்தைச் சரித்தார். தண்ணீர் நூல் மாதிரி வந்தது. நிறைய நேரமாகும்.

பொன்னுரங்கத்துக்குத் தாங்கவில்லை. முதல் ஷோரூமில் கொக்கியோடு வண்டி இருந்ததையும், பார்த்தும் அதை விட்டுவந்ததையும் சொன்னார். அதற்கு அப்புறம் சட்டம் பேசியதையும் சொன்னார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டுக் கேட்டார்.

"நான் எந்த எடத்துல தப்பு பண்ணுனேன்னு சொல்லுங்கம்மா. கொக்கி வேண்டாம்னு வந்த எடத்துலயா? மாட்ட மாட்டேன்னு நின்ன எடத்துலயா?"

அம்மா குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டி பாக்கப் போன அன்னைக்கு நான் என்ன சொல்லி அனுப்புனேன்?"

"முதுகு வலி தாங்க முடியல, பார்த்து வாங்கிட்டு வாங்கன்னு சொன்னீங்க."

"தண்ணியப் பத்தி?"

பொன்னுரங்கம் யோசித்தார். திருநீறு பூசிய விரல் ஞாபகம் வந்தது. இடுப்பைப் பிடித்திருந்த கை ஞாபகம் வந்தது. வேறெதுவும் வரவில்லை.

"தண்ணியப் பத்தி ஒண்ணும் சொல்லலைங்கம்மா."

குடம் நிறைந்து வழிந்தது. அம்மா அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கல்லைப் பிடித்து எழுந்தார். எழும்போது வாய்விட்டு முனகினார்.

"அப்ப நீங்க எங்கயும் தப்பு பண்ணலை, இன்ஸ்பெக்டரய்யா. நான் சொன்னதைத்தான் வாங்கிட்டு வந்திருக்கீங்க."