முதுகுக்குப் பின்னால் ஒரு முடிச்சு

ராஜாக்கள் சொன்னதே சட்டமாக இருந்த அந்தக் காலத்தில், கல்லாற்றுச் சீமையைச் செண்பகமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். சண்டை போடத் தெரியும், வரி வாங்கத் தெரியும், நம்ப மட்டும் தெரியாது அவனுக்கு. சோற்றை மூன்று பேர் தின்று பிழைத்த பிறகுதான் வாயில் வைப்பான். முதுகுக்குப் பின்னால் ஈ காக்கை நிற்கக் கூடாது. சாமரம் வீசுகிறவள்கூட எதிரே நின்றுதான் வீச வேண்டும். பாவம், காற்று நேரே கண்ணில் அடித்து ராஜாவுக்கு நாள் முழுக்க நீர் வடியும்.

அவனுக்கு ரொம்ப நாள் கழித்து ஒரு பிள்ளை பிறந்தது. பத்து மாதத்திலேயே இரண்டு வயசுப் பிள்ளையின் கனம். ராணி தூக்கினால் நாலடி நடப்பதற்குள் மூச்சு வாங்கும். தூக்கி வளர்த்ததெல்லாம் செவிலி மாராயிதான். தன் பிள்ளையைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டு அரண்மனைக்கு வந்தவள் அவள். இந்தக் குண்டனை இடுப்பைவிட்டு இறக்க அவளுக்கு மனசே வராது.

அந்த வம்சத்தில் ஒரு வழக்கம் உண்டு. காது குத்துகிற அன்று பிள்ளையை முந்நூறு படி ஏறி மலைக்கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும். பல்லக்கு ஆகாது, யானை ஆகாது, மனுஷ உடம்பில்தான் போக வேண்டும். இத்தனை கனத்தை எதில் வைத்துச் சுமப்பது என்று சபையில் பேச்சு வந்தது. என் தூளித்துணி போதும் என்றாள் மாராயி. பிரதானி தீத்தாரப்பர் சிரித்தே விட்டார். ராஜா வீட்டுப் பிள்ளை பழந்துணியிலா போகும் என்று கேட்டு, வெள்ளிக் கூடு ஒன்றைச் செய்துகொண்டு வந்து, இதில் பிள்ளை சொகமாகப் போகும் என்றார். பிள்ளை சாய ஒரு வெள்ளித் தகடு, தோளில் மாட்ட இரண்டு வார், உட்கார நாலு விரல் அகலத்தில் ஒரு தோல்பட்டை. பட்டைக்கு இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால் தொங்கும்.

அதை மாட்டிப் பழகச் சொல்லி மாராயிக்கு உத்தரவு. மூன்று நாள் பழகினாள், மூன்று நாளும் பிள்ளை அலறித் தீர்த்தது. கால் தொங்குகிறது, இது ஆகாது என்று அவளும் சொல்லிப் பார்த்தாள். யார் காதில் வாங்கினார்கள்? நாலாம் நாள் காலை பிள்ளையைக் குளிப்பாட்டும்போது, தொடையிடுக்கில் கன்றிச் சிவந்த தடத்தை ராஜா பார்த்துவிட்டான்.

மாராயி இடத்தில் தன் கொழுந்தியாளைக் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்று தீத்தாரப்பருக்கு வெகுநாள் ஆசை. கூட்டின் மேலுள்ள ஆத்திரத்தில் செவிலி பிள்ளையைக் கிள்ளுகிறாள் என்று ராஜாவின் காதில் போட்டார். போதாதா? பொழுது சாய்வதற்குள் மாராயி சீமையின் எல்லையைத் தாண்டிவிட வேண்டும் என்று உத்தரவாகிவிட்டது.

போனால் இனி பிள்ளையைப் பார்க்கவே முடியாது என்று மாராயிக்குத் தெரியும். அழுதால் வேஷம் என்பான் ராஜா, கெஞ்சினால் குற்றவாளி என்பான். இந்த மனுஷனிடம் நம்பு என்று சொல்லி ஆகப்போவது என்ன?

"என்னை நம்ப வேண்டாம் மகாராசா," என்றாள். "பிரதானியையும் நம்ப வேண்டாம்."

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தான். இப்படி ஒரு நல்ல வார்த்தையை அவனிடம் யாரும் சொன்னதே இல்லை.

"பிள்ளைக்குப் பேச வராது. பேச வருகிறவர் ஒருத்தர் இதே மாதிரிக் கூட்டில் ஒரு நாழிகை தொங்கட்டும். என் கை ரெண்டையும் கட்டிப்போடுங்கள். நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள்."

"யார் தொங்குவது?"

"கூடு சொகமானது என்று சொன்னவர்தான்."

மறுத்தால் கூட்டில் ஏதோ சூது இருக்கிறது என்றாகிவிடும். பிரதானி வேறு வழியில்லாமல் தலையாட்டினார். குதிரைச்சேணம் தைக்கிறவர்கள் உச்சிப்பொழுதுக்குள் அதே அச்சில் பெரிய கூடு தைத்து, யானைக்கொட்டிலின் உத்தரத்தில் கட்டிவிட்டார்கள்.

சிரித்துக்கொண்டுதான் ஏறினார் தீத்தாரப்பர். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு போயிற்று. எப்படி இருக்கிறது என்று ராஜா கேட்க, சொகமோ சொகம் என்றார். முகத்தில் வேர்வை ஆறாக ஓடியது. நாழிகை முடிந்து இறக்கியபோது கால் மரத்துப்போய், நிற்க முடியாமல் வைக்கோலில் உட்கார்ந்துவிட்டார். வைத்தியர் அவரைத் திரைமறைவுக்குக் கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, பிள்ளைக்கு இருக்கும் அதே இடத்தில் அதே சிவப்பு என்றார்.

"யார் ஓய் உம்மைக் கிள்ளியது?" என்று கேட்டான் ராஜா.

பிரதானி சுற்றிப் பார்த்தார். மாராயியின் கை கட்டியிருக்கிறது. பக்கத்தில் நின்றவன் ராஜா ஒருவன்தான். ராஜா கிள்ளினான் என்று சொல்லிவிட்டு உயிரோடு வீடு போக முடியுமா?

"யாரும் கிள்ளவில்லை பிரபு. பட்டைதான் அறுத்துவிட்டது," என்றார்.

மாராயியின் கட்டை அவிழ்த்தார்கள். ஆனாலும் ராஜாவின் புத்தி சும்மா இருக்குமா? அவளுடைய தூளித்துணியை வாங்கி உதறினான், முகர்ந்தான், வெயிலில் விரித்துப் பார்த்தான். இதில் என்ன மாயம் வைத்திருக்கிறாய் என்றான். மாயம் ஒன்றுமில்லை, துணி இந்த முழங்காலிலிருந்து அந்த முழங்கால் வரை அகலமாகத் தாங்க வேண்டும், முழங்கால் பிட்டத்தைவிட உயரத்தில் இருக்க வேண்டும், குனிந்தால் உச்சியில் முத்தம் கொடுக்கிற மாதிரி பிள்ளை மேலே ஒட்டியிருக்க வேண்டும், கனம் ரெண்டு தோளுக்கும் இடுப்புக்கும் பிரிந்துபோனால் சுமக்கிறவளுக்கும் நோகாது என்று சொன்னாள் மாராயி.

காது குத்துகிற அன்று மலையடிவாரத்தில் ஊரே கூடியிருந்தது. அங்கே ராஜா புதிதாக ஒன்று சொன்னான். யாரையும் நம்பிப் பிள்ளையைக் கொடுக்க மாட்டானாம், தானே சுமக்கப்போகிறானாம். பிள்ளையை மார்போடு சேர்த்துத் துணியைச் சுற்றி, தலைப்பு இரண்டையும் பின்னால் கொண்டுபோனான். முடிச்சு முதுகில் விழ வேண்டும், கை எட்டவில்லை. பிள்ளை சரியத் தொடங்கியது. உதவிக்கு ஒருவரும் நகரவில்லை. ராஜாவின் பின்னால் போக யாருக்குத் துணிச்சல்?

"முன்பக்கம் கட்டிக்கொள்கிறேன்," என்றான்.

"முடிச்சு பிள்ளையின் முதுகில் அமுக்கும், மகாராசா," என்றாள் மாராயி.

ராஜா பிள்ளையைப் பார்த்தான். அது அவன் மீசையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அவன் மெல்லத் திரும்பி, மாராயிக்கு முதுகைக் காட்டி நின்றான்.

"இறுக்கிக் கட்டு," என்றான்.

அவள் கட்டினாள். நாற்பதாம் படியில் பிள்ளை தூங்கிவிட்டது. கூட்டத்தின் கடைசியில் தீத்தாரப்பர், ராஜாவின் உத்தரவுப்படி பிள்ளை எடைக்கு எடை ஒரு பூசணிக்காயை வெள்ளிக் கூட்டில் வைத்துச் சுமந்துகொண்டு, படிக்குப் படி உட்கார்ந்து எழுந்து வந்தார். ராஜாவை ஒட்டிப் பின்னாலேயே மாராயி ஏறினாள். முந்நூறு படியிலும் அவன் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அரண்மனைக்கு வந்ததும் மாராயிக்கு இரண்டு கையிலும் தங்கக் காப்பு போட்டான். பிறகு சாமரக்காரியைக் கூப்பிட்டு, பின்னால் போய் நின்று வீசச் சொன்னான். அவளுக்குத்தான் நம்ப முடியவில்லை.